ஆடிப் பெருக்குக்கு டோக்கன் போடலாமா?

கேள்வி:

மேடம், எனக்கு 43 வயது, கணவருக்கு 47. குரோம்பேட்டையில் 15,000 ரூபாய் வாடகையில் இருக்கிறோம். கல்யாணமாகி 18 வருஷத்தில் இது ஆறாவது வீடு. கணவர் தனியார் கம்பெனி, கைக்கு 62,000 வரும். நான் ஒரு பள்ளியின் கணக்குப் பிரிவில் 24,000 வாங்குகிறேன். மகள் பிளஸ் ஒன் படிக்கிறாள். இப்போதைய வீட்டு ஓனர் மகனுக்குக் கல்யாணம் என்று இரண்டு மாதத்தில் காலி செய்யச் சொல்லிவிட்டார். இனி வாடகையே வேண்டாம் என்று முடிவெடுத்தோம்.

ராஜகீழ்ப்பாக்கத்தில் ஒரு ஃப்ளாட் பார்த்தோம். 870 சதுர அடி, இரண்டாவது மாடி, மொத்தம் ஆறு வீடு. விலை 52 லட்சம். 2012 மார்ச்சில் ஓனரின் அப்பா லோன் போட்டு வாங்கியது. அப்பா 2021இல் இறந்துவிட்டார். லோன் முடிந்துவிட்டதாம். மகன்தான் விற்கிறார், அவருடைய அம்மாவும் கையெழுத்துப் போடுவார். தங்கை துபாயில் இருக்கிறார். கல்யாணத்தின்போதே 60 சவரன் போட்டாச்சு, அவருக்குப் பங்கு கிடையாது, வேண்டுமானால் லெட்டர் வாங்கித் தருகிறேன் என்கிறார். 40 லட்சத்துக்குப் பத்திரம் போட்டு 12 லட்சத்தை ரொக்கமாகத் தரச் சொல்கிறார். எங்களுக்குப் பதிவுச் செலவு மிச்சமாம். ஆடிப் பெருக்கு அன்று 2 லட்சம் டோக்கன் முன்பணம், ஆவணியில் பத்திரம்.

எங்கள் சேமிப்பு 18 லட்சம். குறைவதற்கு என் நகையை அடகு வைக்கலாம் என்கிறார் கணவர். காபி எல்லாம் கொடுத்து நன்றாகப் பேசினார்கள், பத்திரத்தைக் கேட்கக் கூச்சமாக இருந்தது. வாடகை கொடுப்பது வீண் என்று சொந்தக்காரர்கள் 18 வருஷமாகச் சொல்கிறார்கள். டோக்கன் போடலாமா?

பெயர் வெளியிட வேண்டாம், குரோம்பேட்டை

பதில்:

அன்புள்ள சகோதரி, நீங்கள் நாள் குறித்துக் கேட்டிருப்பதால் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆடிப் பெருக்கு அன்று டோக்கன் போடாதீர்கள். 12 லட்சம் ரொக்கம் எந்த நாளிலும் கொடுக்காதீர்கள். தங்கையின் லெட்டர் செல்லாது. நகையை அடகு வைக்க வேண்டாம்.

இனி காரணங்களுக்கு வருகிறேன். உங்கள் கடிதத்தில் நான் நின்றுவிட்ட இடம் அந்தக் காபி வரிதான். 23 வருஷமாக வீடு வாங்குகிறவர்களுக்குப் பத்திரம் பார்த்துக் கொடுக்கிறேன். நெடுநாள் வாடகையில் இருந்தவர்கள் வந்து உட்கார்ந்தால் பத்து நிமிடத்தில் எனக்குத் தெரிந்துவிடும். வாடகைக்கு வீடு பார்க்கப் போனால் கேள்வி கேட்பது அவர்கள், பதில் சொல்வது நாம். எத்தனை பேர், எங்கே வேலை, அசைவம் சமைப்பீர்களா, சொந்தக்காரர்கள் வந்து தங்குவார்களா, தண்ணீர் நிறைய செலவாகுமா. நல்ல மனிதர்கள் என்று அவர்கள் நம்மைப் பற்றி நினைக்க வேண்டுமே என்ற தவிப்பு ஆறு வீடுகளில் ஊறி ஊறிப் பழக்கமாகிவிடுகிறது. நானும் 26 வயதுவரை வாடகை வீட்டில் வளர்ந்தவள். ஓனர் வீட்டு அம்மா மாடியிலிருந்து இறங்கும் சத்தம் கேட்டாலே என் அம்மா குழாயை மூடிவிடுவார். அந்தப் பழக்கத்தோடுதான் நீங்கள் ராஜகீழ்ப்பாக்கம் போய்வந்திருக்கிறீர்கள். வாங்கப் போகும்போது கேள்வி கேட்பது உங்கள் முறை. 52 லட்சத்துக்கு ஒன்றை விற்கிறவர் பத்திரத்தின் ஜெராக்ஸ் கேட்டால் கோபித்துக்கொள்ள மாட்டார். கோபித்துக்கொண்டால் அதுவே உங்களுக்குக் கிடைத்த பதில்.

முதலில் அந்தத் தங்கை விஷயம். இதில்தான் பெரிய ஆபத்து இருக்கிறது.

அந்த ஃப்ளாட் அப்பா தன் சம்பாத்தியத்தில் வாங்கியது. அவர் உயில் எழுதாமல் இறந்திருந்தால், இந்து வாரிசுரிமைச் சட்டம் 1956இன்படி மனைவி, மகன், மகள் மூவருக்கும் சம பங்கு. அந்தக் குடும்பம் இந்துக் குடும்பம் என்று எடுத்துக்கொண்டு சொல்கிறேன். வேறு மதமென்றால் பங்குக் கணக்கு மாறும், மகளுக்குப் பங்கு உண்டு என்பது மாறாது. 2005 சட்டத் திருத்தத்துக்குப் பிறகுதான் பெண்ணுக்குப் பங்கு என்று பலர் நினைக்கிறார்கள். அது பூர்வீகச் சொத்தைப் பற்றியது. தகப்பனின் சுய சம்பாத்தியத்தில் 1956லிருந்தே மகளும் மகனும் ஒன்றுதான். கல்யாணத்துக்கு 60 சவரன் போட்டார்களா, 100 சவரன் போட்டார்களா என்பதைச் சட்டம் கணக்கில் எடுப்பதில்லை.

அந்தத் தங்கைக்கு உண்மையிலேயே பங்கு வேண்டாமென்று இருக்கலாம், அண்ணன்மீது பாசமாகவே இருக்கலாம். ஆனால் அசையாச் சொத்தில் உரிமையை விட்டுக்கொடுப்பது பதிவு செய்த விடுதலைப் பத்திரத்தின் மூலம்தான் நடக்கும். வெள்ளைத்தாளில் எழுதினாலும், முத்திரைத்தாளில் எழுதி நோட்டரி முத்திரை குத்தினாலும் அது வெறும் கடிதம். நாளைக்கு அண்ணன் தங்கைக்குள் மனக்கசப்பு வந்து அவர் பாகப்பிரிவினை வழக்குப் போட்டால், மூன்றில் இரண்டு பங்குக்கு மட்டுமே நீங்கள் சொந்தக்காரர். அண்ணன் பணத்தோடு ஒதுங்கிவிடுவார், தவணை கட்டிக்கொண்டே கோர்ட்டுக்கு அலைவது நீங்களாக இருக்கும்.

நான் சொல்லும் வழி, மூவருமே விற்பவர்களாகக் கிரயப் பத்திரத்தில் கையெழுத்திடுவது. தங்கையால் நேரில் வர முடியாதென்றால் துபாயிலுள்ள இந்தியத் துணைத் தூதரகத்தில் இந்த ஃப்ளாட்டைக் குறிப்பிட்டு ஒரு பவர் பத்திரம் எழுதி அனுப்பலாம். அது இந்தியாவுக்கு வந்து சேர்ந்த மூன்று மாதத்துக்குள் இங்கே முத்திரைத் தீர்வை செலுத்திச் செல்லுபடியாக்க வேண்டும். ஆகிற காரியம்தான், ஒரு மாதம் ஒன்றரை மாதம் பிடிக்கும். ஆவணிக்குள் முடியாவிட்டால் ஐப்பசி இருக்கிறது.

இன்னொன்றும் கேட்க வேண்டும். இதை வங்கிக்காரர்கள்கூடச் சில சமயம் விட்டுவிடுகிறார்கள். அப்பா 2021இல் இறந்தபோது அவருடைய தாயார், அதாவது விற்பவரின் பாட்டி, உயிரோடு இருந்தாரா?

சில வருஷங்களுக்கு முன் சேலையூரிலிருந்து ஒரு தம்பதி வந்தார்கள். உங்களைப் போலவே ஒரு ஃப்ளாட், உங்களைப் போலவே அப்பா இறந்த சொத்து. வில்லங்கச் சான்றில் ஒன்றுமில்லை. வாரிசுச் சான்றில் மனைவியும் இரண்டு மகன்களும். மூவரும் கையெழுத்துப் போடத் தயார். விற்கிற பையனும் உடன் வந்திருந்தான், மரியாதையான பிள்ளை. எல்லாம் பார்த்து முடித்து மூக்குக் கண்ணாடியைக் கழற்றும்போது, "அப்பா தவறினப்போ பாட்டி இருந்தாங்களாப்பா?" என்று கேட்டேன். "இருந்தாங்க மேடம், போன வருஷம்தான் காலமானாங்க" என்றான். அவனுக்கு அது சாதாரணத் தகவல். எனக்கு அந்த மேசையில் இருந்த கணக்கே மாறிவிட்டது. மகன் உயில் எழுதாமல் இறந்தால் தாயும் முதல் நிலை வாரிசு, மனைவி மக்களோடு அவருக்கும் சம பங்கு. அந்தப் பாட்டி இறந்ததும் அவருடைய பங்கு அவருடைய மற்றப் பிள்ளைகளுக்கும் போய்விட்டது. இரண்டு சித்தப்பா, மூன்று அத்தை. ஒரு அத்தை ஓசூர், ஒருவருக்கு நடக்க முடியாது. யாரும் முரண்டு பிடிக்கவில்லை, ஆனாலும் எல்லாருடைய விடுதலைப் பத்திரமும் பதிவாகி முடிய ஏழு மாதம் ஆனது. அந்தத் தம்பதி காத்திருந்து வாங்கினார்கள். டோக்கனாக ஒரு ரூபாயும் கொடுக்காததால்தான் அவர்களால் நிம்மதியாகக் காத்திருக்க முடிந்தது.

வாரிசுச் சான்று வாங்கும்போது பல குடும்பங்கள் பாட்டியின் பெயரைச் சொல்வதேயில்லை. ஏமாற்றும் எண்ணத்தில் இல்லை, தோன்றுவதில்லை. அதனால் சான்றிதழை மட்டும் நம்பாமல் வாயைத் திறந்து கேட்க வேண்டும்.

அடுத்து, முடிந்துபோன அந்த லோன். 2012 மார்ச்சில் வாங்கியது என்றீர்கள். வங்கியில் பத்திரத்தை ஒப்படைத்துக் கடன் வாங்குவதைப் பதிவு செய்தே ஆக வேண்டும் என்று தமிழ்நாட்டில் கட்டாயமானது அந்த ஆண்டுக் கடைசியில்தான். எனவே அப்பாவின் கடன் வில்லங்கச் சான்றில் ஏறாமலே இருக்கலாம். சான்று சுத்தமாக இருக்கிறது என்று அவர் காட்டினால் அது கடன் தீர்ந்ததற்கு அத்தாட்சி ஆகாது. அசல் கிரயப் பத்திரம் அவர் வீட்டில் இருக்கிறதா, அதோடு கடன் தீர்ந்ததாக வங்கி கொடுத்த கடிதம் இருக்கிறதா என்று பாருங்கள். அசலைக் கையில் வாங்கி, புரட்டிப் பாருங்கள். "பேங்க்ல இன்னும் திருப்பித் தரலை" என்றால் நம்பாதீர்கள். கடன் முழுதாகத் தீர்ந்தால் 30 நாளுக்குள் அசல் பத்திரங்களைத் திருப்பித் தர வேண்டும், தாமதித்தால் நாளுக்கு 5,000 ரூபாய் ஈடு தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி விதி. 2023 டிசம்பரிலிருந்து அமலில் இருக்கிறது.

இரண்டாவது மாடி, ஆறு வீடு என்று படித்ததும் எனக்கு இன்னொரு சந்தேகம் வந்தது. புறநகரில் ஒரு கிரவுண்டு, அதாவது 2,400 சதுர அடி மனையில் இந்த மாதிரிக் கட்டடங்கள் நிறைய. பிளானில் தரைத்தளமும் முதல் தளமுமாக நான்கு வீட்டுக்கு அனுமதி வாங்கியிருப்பார்கள், கட்டும்போது மேலே இரண்டு சேர்ந்திருக்கும். அந்த இரண்டில் ஒன்றாக உங்கள் வீடு இருந்துவிடக் கூடாது. அங்கீகரிக்கப்பட்ட பிளானின் நகலைக் கேட்டு வாங்கி, வீடுகளை எண்ணுங்கள். படம் புரியாவிட்டாலும் எண்ணுவதற்கு எஞ்சினியர் தேவையில்லை. கடனுக்கு மதிப்பீடு செய்ய வருகிற வங்கி ஆள் பிளானில் இல்லாத தளத்தைப் பார்த்தால் கடன் அங்கேயே நின்றுவிடும். அப்போது உங்கள் 2 லட்சம் டோக்கன் அவர் கையில் இருக்கும்.

யூ.டி.எஸ், அதாவது மனையில் உங்களுக்கு வரும் பிரிபடாத பங்கு, எத்தனை சதுர அடி என்று பத்திரத்தில் இருக்கும். ஆறு வீட்டின் பங்கையும் கூட்டினால் மனையின் அளவைத் தாண்டக் கூடாது. தாண்டிய கட்டடங்களைப் பார்த்திருக்கிறேன். மனையின் சர்வே எண்ணைத் தமிழ்நாடு அரசின் இ-சேவை தளத்தில் போட்டால் பட்டாவும் 'அ' பதிவேடும் கிடைக்கும். நிலம் புறம்போக்கு, கோயில் நிலம் என்று வருகிறதா என்பது அதில் தெரியும். வில்லங்கச் சான்றைப் பதிவுத்துறை இணையதளத்தில் நீங்களே பார்க்கலாம். ஃப்ளாட் விவரத்தை மட்டும் போட்டுத் தேடாமல் மனைக்கும் சேர்த்து 30 வருஷத்துக்குத் தேடுங்கள். இடையில் சார்பதிவாளர் அலுவலக எல்லை மாறியிருந்தால் பழைய அலுவலகத்திலும் தேட வேண்டும். வரி ரசீதில் செம்பாக்கம் நகராட்சி என்று இருந்தால் பதறாதீர்கள். 2021 நவம்பரில் தாம்பரம் மாநகராட்சி உருவானபோது அது இதில் சேர்ந்தது, பழைய ரசீதுகள் அந்தப் பெயரில்தான் இருக்கும். சொத்து வரியும் மின் இணைப்பும் இன்னும் இறந்தவர் பெயரிலேயே இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். நான்கு வருஷமாக ஒன்றையும் மாற்றவில்லை என்றால், வாரிசுகளுக்குள் ஏதாவது பேச்சு முடியாமல் இருக்கிறதா என்று கேட்பது நியாயம்.

வங்கி வக்கீல் எல்லாம் பார்ப்பார், உங்களுக்கெதற்குத் தனி வக்கீல் என்று புரோக்கர் சொல்லியிருப்பார். வங்கி வக்கீல் பார்ப்பது வங்கிக்காக. அதுவும் பெரும்பாலும் நீங்கள் டோக்கன் கொடுத்து, அக்ரிமென்ட் போட்டு, கடனுக்கு மனுக் கொடுத்த பிறகு. உங்களுக்குப் பார்க்க வேண்டியது அதற்கு முன்னால்.

சரி, அந்த 12 லட்சம் ரொக்கத்துக்கு வருகிறேன். பதிவுச் செலவு மிச்சம் என்றாராம். பழைய ஃப்ளாட்டுக்குத் தமிழ்நாட்டில் முத்திரைத் தீர்வை 7 விழுக்காடு, பதிவுக் கட்டணம் 2 விழுக்காடு, ஆக 9. பன்னிரண்டு லட்சத்துக்கு 1,08,000 ரூபாய். இதுதான் உங்களுக்கு மிச்சம்.

இப்போது இழப்பைப் பாருங்கள். 30 லட்சத்துக்கு மேல் 75 லட்சம்வரையிலான கடனுக்கு, வீட்டு மதிப்பில் 80 விழுக்காட்டுக்கு மேல் வங்கி தரக் கூடாது என்பது ரிசர்வ் வங்கியின் வரம்பு. மதிப்பு என்றால் பத்திரத்தில் இருக்கிற விலை. 52 லட்சத்துக்குப் பத்திரம் என்றால் 41.6 லட்சம்வரை கேட்கலாம். 40 லட்சம் என்றால் 32 லட்சம்தான். ஒரு லட்சத்துச் சொச்சம் மிச்சம் பிடிக்க 9.6 லட்சம் கடன் குறைகிறது. அந்தப் பள்ளத்தை நிரப்பத்தான் உங்கள் நகை அடகுக் கடைக்குப் போகப் போகிறது. அடகு வட்டியை ஒரு வருஷம் கட்டினாலே மிச்சம் பிடித்ததில் பெரும்பகுதி போய்விடும். இந்த யோசனையில் லாபம் விற்பவருக்கு மட்டும்தான், அவருடைய மூலதன ஆதாய வரி குறைகிறது.

சட்டப்படியும் தவறு. வீடு, மனை விற்பனைக்காக 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கக் கூடாதென்று வருமானவரிச் சட்டம் சொல்கிறது. ரொக்கத்தை வாங்கிய விற்பவருக்கு அதே அளவு அபராதம் வரலாம். உங்களுக்குள்ள ஆபத்து வேறு. ரொக்கத்தை வாங்கிக்கொண்டு அவர் பத்திரம் போட மறுத்தால் அந்த 12 லட்சத்துக்கு உங்களிடம் ஒரு துண்டுச் சீட்டு இருக்காது. முழு விலையையும் பத்திரத்தில் போடுங்கள். 50 லட்சமோ அதற்கு மேலோ விலை என்றால், இந்தியாவில் வசிக்கும் விற்பவர்களின் பங்கில் 1 விழுக்காட்டை வரியாகப் பிடித்து வருமானவரித் துறைக்கு நீங்கள் கட்ட வேண்டும். அம்மா, மகன் இருவரின் பங்குக்கும் சேர்த்து ஏறக்குறைய 34,700 ரூபாய், அவர்களுக்குத் தரும் பணத்திலிருந்துதான் கழியும். தங்கை வெளிநாட்டில் வசிப்பவர் என்றால் அவர் பங்குக்கு இந்த 1 விழுக்காடு பொருந்தாது, அதைவிட அதிக வரி பிடிக்க வேண்டியிருக்கும், ஆடிட்டரைக் கேட்டுச் செய்யுங்கள். மீதி முழுவதும் அவரவர் பங்குப்படி அம்மா, மகன், தங்கை மூவரின் வங்கிக் கணக்குக்கும் போகட்டும்.

இதுவரை அந்த வீட்டைப் பற்றிப் பேசினேன். உங்கள் வீட்டுக் கணக்குக்கு வந்தால், எனக்குக் கவலை அதிகமாகிறது.

எல்லாம் நேர்மையாக நடந்து 52 லட்சத்துக்கே வாங்குகிறீர்கள் என்று வையுங்கள். 41 லட்சம் கடன், கையிலிருந்து 11 லட்சம். பதிவுக்கு 4.68 லட்சம், இதற்குக் கடன் கிடைக்காது. புரோக்கர், வங்கிக் கட்டணம், அடமானப் பதிவுச் செலவு, வக்கீல், கொஞ்சம் பெயின்ட், கிரில் வேலை. பதினெட்டு லட்சமும் துடைத்துப் போய்விடும். கணவருக்கு 47. அவர் 60க்குள் கடனை முடிக்க வேண்டுமென்றால் 13 வருஷம். 8.5 விழுக்காடு வட்டி என்று போட்டால் மாதத் தவணை ஏறக்குறைய 43,500. இருவர் சம்பளமும் சேர்ந்து 86,000. பாதிக்குமேல் தவணைக்கே போய்விடும். அப்புறம் மெயின்டனன்ஸ், இரண்டு வருஷத்தில் மகளின் கல்லூரிக் கட்டணம். அவசரத்துக்கு வங்கியில் ஒன்றுமில்லை. யாராவது ஒருவருக்கு ஆறு மாதம் வேலை போனால் எங்கே போவீர்கள்? 20 வருஷக் கடனாகப் போட்டுத் தவணையைக் குறைக்கலாம் என்று வங்கியில் வழி சொல்வார்கள். 67 வயதுவரை யார் சம்பாதித்துக் கட்டுவது என்று நீங்கள்தான் கேட்டுக்கொள்ள வேண்டும்.

வாடகை வீண் என்ற பேச்சையும் இந்தக் கணக்கோடு வைத்துப் பாருங்கள். 41 லட்சம் கடனுக்கு முதல் மாதத் தவணையில் வட்டி மட்டும் 29,000 ரூபாய். அதுவும் திரும்பி வராத பணம்தான், இப்போது கொடுக்கும் வாடகையைப்போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு. 18 வருஷம் வாடகை கொடுத்தது வீண் என்று யாரும் உங்களைச் சொல்ல விடாதீர்கள். அந்த 18 வருஷத்தில் மகளைப் படிக்க வைத்து, கடனில்லாமல் 18 லட்சம் சேர்த்திருக்கிறீர்கள். தனியார் சம்பளத்தில் இது சின்ன விஷயமில்லை.

அதற்காகச் சொந்த வீடே வேண்டாமென்று சொல்லவில்லை. கணவருக்குப் பென்ஷன் வராத வேலை. அறுபதுக்குப் பிறகு சம்பளம் நிற்கும், வாடகை நிற்காது. எழுபது வயதில் பெட்டி படுக்கையோடு ஏழாவது வீடு தேடக் கூடாது என்ற உங்கள் பயம் முழுக்க நியாயமானது. அந்தப் பயத்துக்கு மருந்து, 60 வயதில் கடனில்லாமல் இருக்கும் ஒரு வீடு. கடனோடு இருக்கும் பெரிய வீடு அதற்கு உதவாது.

அந்த அளவுகோலில் பார்த்தால், 30 லட்சம் கடன், 13 வருஷம், தவணை சுமார் 31,800. இது உங்களால் முடியும். மாறும் வட்டியில் வாங்கிய வீட்டுக் கடனை முன்கூட்டிக் கட்டினால் தனிநபருக்கு அபராதம் கிடையாது, போனஸ் வரும்போதெல்லாம் அசலில் கட்டுங்கள். சேமிப்பில் 3 லட்சத்தைத் தொடாமல் வையுங்கள். மீதி 15ஐயும் சேர்த்தால் எல்லாச் செலவும் அடங்க 45 லட்சம். அப்படியென்றால் பத்திர விலை 40 லட்சத்தை ஒட்டி இருக்க வேண்டும்.

ராஜகீழ்ப்பாக்கத்தில் 870 சதுர அடி அந்த விலைக்குக் கிடைப்பது கஷ்டம். 650 சதுர அடி பாருங்கள், அல்லது மாடம்பாக்கம், வேங்கைவாசல் என்று கொஞ்சம் உள்ளே போய்ப் பாருங்கள். கட்டி முடித்து நிறைவுச் சான்று வாங்கிய புது ஃப்ளாட்டும் பாருங்கள். 2023 டிசம்பரிலிருந்து, கட்டியவரிடம் நேராக வாங்கும் புது ஃப்ளாட்டுக்கு 50 லட்சம்வரை முத்திரைத் தீர்வை 4 விழுக்காடுதான், பதிவுக் கட்டணம் 2ஐயும் சேர்த்தால் 6. நாற்பது லட்சம் வீட்டில் பழைய ஃப்ளாட்டைவிட 1,20,000 குறைவு. கட்டிக்கொண்டிருக்கும் வீட்டுக்கு ஜிஎஸ்டி உண்டு, நிறைவுச் சான்று வந்த வீட்டுக்கு இல்லை. நகையை அடகு வைக்கக் கூடாது என்றேன், விற்கவே கூடாது என்று சொல்ல மாட்டேன். பீரோவில் இருப்பதில் ஒரு பகுதியை விற்றுக் கடனைக் குறைப்பது புத்திசாலித்தனமாகவும் இருக்கலாம். ஆனால் அது உங்கள் நகை, முடிவும் உங்களுடையது, கணவருடையது இல்லை.

காலி செய்யச் சொல்லும் ஓனரைப் பற்றி ஒரு வார்த்தை. இந்த அவசரம் முழுக்க அங்கிருந்துதான் வருகிறது. தமிழ்நாட்டில் 2019 பிப்ரவரியிலிருந்து புதிய வாடகைச் சட்டம் அமலில் இருக்கிறது. சொந்தத் தேவைக்கென்றாலும் வாடகை நீதிமன்ற உத்தரவில்லாமல் உங்களை வெளியேற்ற முடியாது, தண்ணீரையோ கரண்டையோ நிறுத்தவும் முடியாது. சண்டைக்குப் போங்கள் என்று சொல்லவில்லை, மகன் கல்யாணம் என்பது நியாயமான காரணம்தான். மகளின் அரையாண்டுத் தேர்வுவரை அவகாசம் கேளுங்கள். கிடைக்காவிட்டால் இன்னொரு வாடகை வீட்டுக்குப் போங்கள். ஏழாவது வீட்டில் 11 மாதம் இருப்பதால் ஒன்றும் குறையாது. இரண்டு மாதக் கெடுவுக்குப் பயந்து தங்கையும் பாட்டியும் பங்கு வைத்திருக்கும் வீட்டை வாங்கினால்தான் குறைந்துவிடும்.

ஒருவேளை விற்பவர் எல்லாக் காகிதத்தையும் கொடுத்து, தங்கையும் கையெழுத்திட்டு, விலையும் உங்கள் கைக்கு எட்டும் அளவுக்கு இறங்கினால் அந்த வீட்டை நல்ல மனதோடு வாங்குங்கள். அதற்குமுன் ஒரு மழை நாளில் போய்ப் பாருங்கள். சிட்லபாக்கம் ஏரி நிறைந்தால் உபரி நீர் செம்பாக்கம் ஏரிக்கு வந்து, நன்மங்கலம் வழியாகப் பள்ளிக்கரணைக்குப் போகிற பாதை அது. வீடு இரண்டாவது மாடியில் இருந்தாலும் மோட்டாரும் மீட்டர் பெட்டியும் கீழேதான் இருக்கும். 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரிலும் அந்தத் தெருவில் தண்ணீர் எதுவரை நின்றது என்று தெருமுனையில் துணி தேய்ப்பவரைக் கேளுங்கள். அவர் உள்ளதைச் சொல்வார். மே மாதம் எத்தனை லாரித் தண்ணீர் வாங்கினார்கள் என்று கீழ்வீட்டில் கேளுங்கள். சமையலறைக் குழாயை நன்றாகத் திறந்துவிட்டு இரண்டு நிமிடம் பாருங்கள், யாரும் மாடியிலிருந்து இறங்கி வர மாட்டார்கள்.

முன்பணம் கொடுக்கும் கட்டம் வந்தால் ஒரு லட்சத்துக்கு மேல் வேண்டாம், அதுவும் வங்கி வழியாக. அக்ரிமென்டைப் பதிவு செய்யுங்கள், தமிழ்நாட்டில் அது கட்டாயம். உரிமையில் குறை தெரிந்தாலோ, அந்தக் குறையால் கடன் மறுக்கப்பட்டாலோ 15 நாளில் முன்பணம் திரும்ப வேண்டும் என்ற வரி அதில் இருக்கட்டும்.

ஆடிப் பெருக்கு அன்று அவர் எதிர்பார்த்துக்கொண்டிருப்பார். போய்விட்டு வாருங்கள், வெறுங்கையோடு. காபி கொடுத்தால் குடியுங்கள். குடித்து முடித்ததும், "அப்பா வாங்கின பத்திரம், அதுக்கு முந்தின தாய்ப் பத்திரம், பிளான், வாரிசுச் சான்று, இறப்புச் சான்று, வங்கி கொடுத்த கடிதம், எல்லாத்துலயும் ஒரு ஜெராக்ஸ் கொடுங்க, எங்க வக்கீல் பார்த்துச் சொன்னதும் பேசலாம்" என்று சொல்லுங்கள். கணவர் தயங்கினால் நீங்களே சொல்லுங்கள். அவர் எழுந்து உள்ளே பீரோவைத் திறக்கப் போகும்போது அந்த அம்மாவிடம் மெதுவாகக் கேளுங்கள்: "ஐயா தவறினப்போ உங்க மாமியார் இருந்தாங்களாம்மா?"